ஒளியும் சேர்ந்து நீண்டால் லைகோ எதைத்தான் அளக்கிறது? (வகுப்பில் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்)

ஜன்னலோரம்:

வணக்கம். மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். வாரத்தில் ஒரு நாள், பாடம் முடிந்த கடைசி இருபது நிமிடம், புத்தகத்தில் இல்லாத புது அறிவியல் எதையாவது பேசுவது வழக்கம். போன வாரம் ஈர்ப்பலை, அதாவது இடத்தையே நீட்டியும் நெருக்கியும் பரவுகிற அலை. 2015 செப்டம்பர் 14, 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் மோதி ஒன்றான இரண்டு கருந்துளைகள் என்றெல்லாம் கதை சொல்லிவிட்டு அந்த அலையைப் பிடித்த அமெரிக்க லைகோ கருவியைப் பலகையில் வரைந்தேன். செங்கோணத்தில் 4 கி.மீ. நீளமுள்ள இரண்டு கைகள், மூலையில் லேசரை இரண்டாகப் பிரிக்கும் கண்ணாடி, இரு முனைகளிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிகள். அலை வந்தால் ஒரு கை நீளும், மற்றது குறுகும், திரும்பி வரும் இரண்டு ஒளிகளும் சேரும்போது வித்தியாசம் தெரிந்துவிடும். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், இடமே நீளுதுன்னா அதுக்குள்ள இருக்கிற ஒளியோட அலைநீளமும் அதே அளவு நீளணுமே. அப்புறம் எதை வெச்சு அளக்கிறாங்க?"

"ஒளிக்கு நிறை கிடையாது, அதனால் நீளாது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி உட்கார வைத்தேன். வீட்டுக்கு வருவதற்குள் உளறிவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. பிரபஞ்சம் விரியும்போது தொலைவிலிருந்து வரும் ஒளி நீண்டு சிவப்பாகிறது என்று போன மாதம் இதே வகுப்பில் நானேதான் சொல்லிக் கொடுத்தேன். அங்கே நீளுகிற ஒளி இங்கே மட்டும் ஏன் நீளாது? திங்கட்கிழமை அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். யாராவது கைகொடுங்கள், டென்சர் கணக்கெல்லாம் வேண்டாம்.

சுருக்கமாய்ச்சொல்:

ஒரு கை நீள்கிறது, இன்னொன்று குறுகுகிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கிறார்கள். இதில் என்ன குழப்பம்?

ஜன்னலோரம்:

நீங்கள் சொல்வதைத்தான் நானும் சொன்னேன், அது கேள்விக்குப் பதில் இல்லை நண்பரே. நீண்ட கையில் அலைநீளமும் நீண்டுவிட்டது, குறுகிய கையில் குறுகிவிட்டது என்றால், இரண்டு கைகளிலும் எத்தனை அலைகள் அடங்குகின்றன என்ற எண்ணிக்கை மாறவில்லை. முழம் போடுகிறவனின் கையும் துணியோடு சேர்ந்து நீண்டால் எத்தனை முழம் என்ற கணக்கு மாறுமா?

லேசர்ப்பூனை:

முதலில் அந்த மாணவிக்கு ஒரு சபாஷ். லைகோவைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் இதுதான் ஆழமானது. லைகோவில் வேலை பார்த்த இயற்பியலாளர் பீட்டர் சால்சன் 1997-ல், இயற்பியல் கற்பிப்பவர்கள் படிக்கிற அமெரிக்க இதழ் ஒன்றில், இதே கேள்வியைத் தலைப்பாகவே வைத்துக் கட்டுரை எழுதினார். அப்போது கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அளக்கவே தொடங்கவில்லை. ஆக உங்கள் மாணவி நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறாள். (நான் ஒளியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், லைகோவில் இல்லை. லேசர் பக்கம் பழக்கம் உண்டு.)

அவள் சொன்னதில் பாதி சரி. அலை வரும்போது கைக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒளி உண்மையிலேயே நீளத்தான் செய்கிறது. மிச்சப் பாதிக்கு லேசரை அளவுகோல் என்று நினைப்பதை விட்டுவிட்டுக் கடிகாரம் என்று நினைக்க வேண்டும்.

நீளமான ரப்பர் பட்டை ஒன்று. ஒரு முனையில் நீங்கள் நின்றுகொண்டு, தாளம் தவறாமல் நொடிக்கு ஓர் எறும்பை அதில் விடுகிறீர்கள். எல்லா எறும்புக்கும் தன் காலடியில் இருக்கும் ரப்பரைப் பொறுத்து ஒரே வேகம், கூடவும் செய்யாது குறையவும் செய்யாது. மறுமுனையைத் தொட்டுவிட்டு உங்களிடமே திரும்பி வரும். இப்போது பட்டையை இழுத்துப் பிடிக்கிறேன். பட்டை மேல் இருந்த எறும்புகளுக்கு நடுவே இடைவெளி கூடிவிட்டது. மாணவி சொல்வது இதைத்தான். இழுத்த அந்தக் கணத்தில் பட்டை மேல் எத்தனை எறும்பு என்று எண்ணினால் எண்ணிக்கை மாறியிருக்காது, எனவே அந்தக் கணத்துக்கு அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் நீங்கள் எறும்புகளை எண்ணுவதில்லை. திரும்பி வரும் எறும்பு தாளத்தில் வருகிறதா, பிந்தி வருகிறதா என்று பார்க்கிறீர்கள். பட்டை நீண்டதால் ஒவ்வோர் எறும்புக்கும் நடக்க வேண்டிய தூரம் கூடிவிட்டது, ஆகவே பிந்தி வரும். போதாததற்கு, இழுத்த பிறகு நீங்கள் விடுகிற புது எறும்புகளும் அதே பழைய தாளத்தில்தான் கிளம்புகின்றன, அவற்றின் இடைவெளி பழைய இடைவெளியேதான். நீண்ட பட்டையில் அவை கூடுதலாக அடங்கும். சற்று நேரத்தில் பழைய, நீண்ட இடைவெளி எறும்புகள் எல்லாம் வெளியேறி, முழுக்கப் புது எறும்புகள் நிறைந்துவிடும்.

லேசர் அந்தத் தாளம். 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் அது புதுப்புது ஒளியை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கிறது, கைகள் நீண்டாலும் குறுகினாலும் அதன் தாளம் பிசகுவதில்லை. 4 கி.மீ. போய்த் திரும்ப ஒளிக்குச் சுமார் 27 மைக்ரோநொடி போதும். 100 ஹெர்ட்ஸ் ஈர்ப்பலை ஒருமுறை ஏறி இறங்க 10 மில்லிநொடி. அதற்குள் கைக்குள் இருக்கும் ஒளி நூற்றுக்கணக்கான தடவை மாறிப் புதிதாகிவிடுகிறது. எனவே கிடைப்பது, ஒரு கையிலிருந்து வரும் அலையின் முகடு மற்ற கையிலிருந்து வருவதைவிட எவ்வளவு பிந்துகிறது என்பதுதான்.

சந்தேகப்பேர்வழி:

நிறுத்துங்கள். ஒளி ஒருமுறை போய்த் திரும்புவதில்லையே? கைகளுக்குள் கூடுதல் கண்ணாடி வைத்து ஏறக்குறைய 300 தடவை முன்னும் பின்னும் அடிக்கவிட்டு, 4 கி.மீ. கையை 1200 கி.மீ.போல ஆக்குகிறார்கள் என்றுதான் நான் படித்தேன். 1200 கி.மீ. கடக்க ஒளிக்கு 4 மில்லிநொடி. உங்கள் 10 மில்லிநொடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "நூற்றுக்கணக்கான தடவை புதிதாகிறது" என்பது அடிபட்டுப் போகிறதே?

லேசர்ப்பூனை:

சரியாகப் பிடித்தீர்கள். எளிமையாக்குகிறேன் என்று முக்கியமான ஒன்றை விழுங்கிவிட்டேன். ஆமாம், ஒளி உள்ளே சில மில்லிநொடி தங்குகிறது, ஆகவே பழைய ஒளியும் புது ஒளியும் கலந்தே வெளியே வரும். அலையின் அதிர்வெண் குறைவாக இருந்தால் பாதகமில்லை. அதிர்வெண் ஏற ஏற, ஒளி உள்ளே இருக்கும்போதே கை நீண்டு, குறுகி, மறுபடி நீண்டு, விளைவு ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கும். லைகோவின் கூர்மை உயர் அதிர்வெண்களில் மழுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மாணவியின் கவலை வீண் இல்லை, கருவியின் வரம்புகளில் ஒன்றாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. 27 மைக்ரோநொடிக் கணக்கை நான் கொடுத்திருக்கக் கூடாது.

சாக்பீஸ்_தாத்தா:

ஜன்னலோரம் தம்பி, திங்கட்கிழமையை நினைத்துப் பயப்பட வேண்டாம். இந்தக் கருவியே ஓர் ஆசிரியர் மாட்டிக்கொண்டதால் வந்ததுதான்.

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ரெய்னர் வைஸை பொதுச் சார்பியல் (ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு) பாடம் எடுக்கச் சொன்னார்கள். அவர் கைவேலைக்காரர், சோதனை இயற்பியல்தான் அவருக்கு வீடு. அந்தக் கணிதத்தில் மாணவர்களைவிட ஒரு பயிற்சி மட்டுமே முன்னால் இருந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சமயத்தில் ஜோசப் வெபர் பெரிய அலுமினிய உருளைகளை வைத்து ஈர்ப்பலை பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்கள் கேட்க, இவருக்கும் சரியாக விளங்கவில்லை. அப்புறம் தனக்குப் புரிகிற மாதிரி ஒன்றை யோசித்து வீட்டுப்பாடமாகக் கொடுத்தார். சுதந்திரமாக மிதக்கும் பொருட்கள், அவற்றுக்கு நடுவே ஒளியை அனுப்பு, போய்வர ஆகும் நேரத்தை அள, நடுவில் ஈர்ப்பலை போனால் என்ன ஆகும் என்று கண்டுபிடி. கவனித்தீர்களா, நேரம்! பூனை சொன்ன கடிகாரம் அந்த வீட்டுப்பாடத்திலேயே இருக்கிறது. 1972-ல் அதை விரித்து, எந்தெந்த இரைச்சல் எவ்வளவு தொல்லை கொடுக்கும் என்று கணக்குப் போட்டு அறிக்கை எழுதினார். 2017-ல் கிப் தார்ன், பேரி பேரிஷ் இருவரோடும் நோபல் பரிசு.

(குறுக்கீட்டுமானியை, அதாவது ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்து ஒப்பிடும் லைகோ மாதிரிக் கருவியை, இதற்குப் பயன்படுத்தலாம் என்று சோவியத் ஒன்றியத்தில் கெர்ட்சென்ஷ்டைனும் புஸ்தவோய்ட்டும் 1962-லேயே எழுதிவிட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

சந்தேகப்பேர்வழி:

கதை நன்றாக இருக்கிறது. எனக்கு இன்னொரு முள் தொண்டையில் நிற்கிறது. அலை தரும் திரிபு (நீளத்தில் எத்தனையில் ஒரு பங்கு மாறுகிறது என்பது) 10⁻²¹, கை 4000 மீட்டர், பெருக்கினால் 4×10⁻¹⁸ மீட்டர். புரோட்டானின் விட்டமே 1.7×10⁻¹⁵ மீட்டர், அதில் நானூறில் ஒரு பங்கு. ஓர் அணு 10⁻¹⁰ மீட்டர். கண்ணாடியின் மேற்பரப்பே அணுக்களால் ஆன மேடு பள்ளம், அந்த அணுக்களும் வெப்பத்தில் ஆடிக்கொண்டிருக்கின்றன. அதில் போய் புரோட்டானைவிடச் சின்ன நகர்வை அளந்தோம் என்றால், அலையடிக்கிற கடலில் நீர்மட்டம் தலைமுடி அளவு உயர்ந்தது என்று சொல்வதைப்போல இருக்கிறதே.

லேசர்ப்பூனை:

கடல் உவமை நன்று. அலையடிக்கிற கடலிலும் நீர்மட்டத்தைச் சராசரி எடுத்துச் சொல்ல முடிகிறது அல்லவா? இங்கேயும் அதேதான். லேசர் ஓர் அணுவைப் பார்ப்பதில்லை. பல சென்டிமீட்டர் அகலமான ஒளிவட்டம் கண்ணாடியில் விழுகிறது, அதற்குள் மேற்பரப்பு அணுக்கள் மட்டும் சுமார் 10¹⁷ இருக்கும். ஒன்று முன்னே ஆடினால் இன்னொன்று பின்னே ஆடும், சராசரியில் பெரும்பகுதி கழிந்துபோகும். கழியாமல் மிஞ்சுவதும் ஒரு தொல்லைதான், அதனால்தான் கண்ணாடியின் பூச்சுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். மேடு பள்ளம் எங்கே இருக்கிறது என்பதும் கேள்வி இல்லை. மொத்தக் கண்ணாடியும் சற்று முன் இருந்த இடத்திலிருந்து நகர்ந்ததா என்பதுதான் கேள்வி.

ஒளிப் பக்கத்திலும் சராசரிதான். 2015-ல் கைகளுக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஒளியின் திறன் சுமார் 100 கிலோவாட். 1064 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றலால் வகுத்துப் பாருங்கள், நொடிக்கு 5×10²³ வரும், ஏறக்குறைய ஒரு மோல் ஃபோட்டான்! வேதியியல் வகுப்பிலும் இதைச் சொல்லலாம். எண்ணிக்கை கூடக் கூட, தனித்தனி ஃபோட்டான்களின் தடுமாற்றம் மொத்தத்தில் சிறிதாகத் தெரியும்.

கண்ணாடிகள் ஒவ்வொன்றும் 40 கிலோ, தூய சிலிக்கா. நான்கு அடுக்கு ஊசலில் மெல்லிய கண்ணாடி இழைகளில் தொங்குகின்றன. தரை நடுங்கினால் கண்ணாடிக்கு எட்டக் கூடாது என்பதற்காக மட்டும் இந்த ஏற்பாடு இல்லை. தொங்கும் பொருள் ஊசலின் இயல்பு அதிர்வெண்ணுக்கு மேலே, பக்கவாட்டில், சுதந்திரமாக மிதப்பதுபோல நடந்துகொள்ளும். வைஸ் வீட்டுப்பாடத்தில் கேட்ட "மிதக்கும் பொருள்" இதுதான். ஒரு மேசையின் இரு முனைகளில் கண்ணாடியைத் திருகி வைத்திருந்தால், அணுக்களைப் பிணைத்திருக்கும் மின்விசை மேசையை நீளவிடாமல் பிடித்துக்கொள்ளும், அளக்க ஒன்றும் இருக்காது. பிரபஞ்சம் விரிந்தால் நாமும் விரிகிறோமா என்று கேட்கிற பிள்ளைகளுக்கும் இதே பதில்தான்.

நீலத்திமிங்கலம்:

நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை. எனக்கு ஒரு சந்தேகம். நான் இதுவரை ரப்பர் துணியை இழுத்துக் கட்டி, நடுவே கனமான குண்டை வைத்து, கோலிக்குண்டை உருட்டிக் காட்டித்தான் ஈர்ப்பைச் சொல்கிறேன். ஈர்ப்பலைக்கு இரண்டு குண்டுகளை அதன் மேல் சுழலவிட்டுத் துணி அதிர்வதைக் காட்டலாமா?

சாக்பீஸ்_தாத்தா:

காட்டுங்கள் அம்மா, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் என் அனுபவத்தில் அந்தத் துணி ஒன்றைக் கொடுத்து இரண்டைக் கெடுக்கிறது. கோலி ஏன் குழிக்குள் உருள்கிறது? பூமி கீழே இழுப்பதால். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்குகிறோம். விண்வெளி நிலையத்தில் அதே துணியைக் கட்டினால் குழியே விழாது. அடுத்து, துணி காட்டுவது இடத்தின் வளைவை. கையிலிருந்து நழுவிய பந்து தரையில் விழுவதில் பெரும்பங்கு காலத்தின் வளைவுக்கு, அது துணியில் எங்கேயும் கிடையாது.

ஈர்ப்பலைக்கு இன்னும் மோசம். துணி மேலும் கீழுமாக ஆடும், பிள்ளைகள் குளத்து அலையை மனதில் வாங்கிக்கொள்வார்கள். உண்மையில் அலை வருகிற திசைக்குக் குறுக்கே, ஒரு பக்கம் நீட்டி மறுபக்கம் நெருக்கி, அடுத்த அரைச் சுற்றில் அதை மாற்றிச் செய்கிறது. இதற்கு நான் செய்வது இன்னும் எளியது. நான்கு பக்கமும் நீளக்கூடிய துணித்துண்டில் வட்டம் ஒன்றை வரைந்து, நான்கு பிள்ளைகளை நான்கு பக்கம் பிடிக்கச் சொல்வேன். எதிரெதிர் இருவர் இழுக்க மற்ற இருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், பிறகு மாற்ற வேண்டும். வட்டம் நீள்வட்டமாகி, வட்டமாகி, எதிர்த்திசை நீள்வட்டமாகும். செங்கோணத்தில் ஏன் இரண்டு கைகள் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சுருக்கமாய்ச்சொல்:

மன்னிக்கவும், மேலே அவசரப்பட்டுவிட்டேன். அந்தக் கருந்துளை மோதலின் ஒலியையும் வகுப்பில் போட்டுக் காட்டலாம். 35 ஹெர்ட்ஸில் தொடங்கி 0.2 நொடிக்குள் 250 ஹெர்ட்ஸ் வரை ஏறும். காதுக்குக் கேட்கும் வரம்புக்குள்ளேயே இருக்கிறது, அலையை ஒலியாக மாற்றினால் போதும்.

நீலத்திமிங்கலம்:

செய்து பார்த்திருக்கிறேன், கைப்பேசியில் போட்டால் ஒன்றுமே கேட்காது! அதன் ஒலிபெருக்கிக்கு 35 ஹெர்ட்ஸ் எல்லாம் வராது. நல்ல ஹெட்ஃபோன் வேண்டும், இல்லையென்றால் அதிர்வெண்ணை உயர்த்திய பதிப்பைப் போட வேண்டும். அதைப் போட்டால் பிள்ளைகள் மறந்துவிடாமல் "இது உண்மையான சுருதி இல்லை" என்று சொல்லிவிடுங்கள். வெற்றிடத்தில் ஒலி பரவாது என்று படித்தவன் கையைத் தூக்கத்தான் செய்வான், அவன் கேட்பது நியாயம்.

சாக்பீஸ்_தாத்தா:

கணக்குப் பிரியர்களுக்கு ஒன்று. 2017 ஆகஸ்ட் 17, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்து 1.7 நொடி கழித்து அங்கிருந்து காமாக் கதிர் வந்தது. தொலைவு சுமார் 13 கோடி ஒளியாண்டு. 13 கோடி ஆண்டை நொடியாக மாற்றுங்கள், 4×10¹⁵ வரும். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பின என்று வைத்துக்கொண்டு 1.7-ஐ அதால் வகுத்தால் 4×10⁻¹⁶. ஈர்ப்பலையின் வேகமும் ஒளியின் வேகமும் இவ்வளவுக்குள்தான் வேறுபட முடியும். ஒரே ஒரு வகுத்தல், ஈர்ப்புக் கோட்பாடுகள் பலவற்றைக் குப்பைக்கு அனுப்பிய வகுத்தல். "ஒரே நேரத்தில்தான் கிளம்பின என்று எப்படித் தெரியும்?" என்று ஒருவன் கேட்பான். தெரியாது. காமா சில நொடி பிந்திக் கிளம்பியிருந்தால் விடை கொஞ்சம் மாறும், ஆனால் 10⁻¹⁵ வாக்கிலேயே நிற்கும், அதையும் அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

சந்தேகப்பேர்வழி:

வெபரும் 1969-ல் கண்டுபிடித்துவிட்டேன் என்றார். வேறு யார் செய்தும் வரவில்லை. இவர்கள் ஏமாறவில்லை என்று எப்படி நம்புவது? லாரி போனால்கூட ஆடுகிற கருவி.

லேசர்ப்பூனை:

அவர்களும் தங்களையே நம்பவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் ஒன்று, லூசியானாவின் லிவிங்ஸ்டனில் ஒன்று, நடுவே 3000 கி.மீ. ஒரு லாரி இரண்டையும் ஆட்ட முடியாது. ஒளிக்கு அந்தத் தூரம் 10 மில்லிநொடி, எனவே இரண்டிலும் அதற்குள் ஒரே வடிவம் பதிவாக வேண்டும். 2015-ல் லிவிங்ஸ்டனில் பதிவாகி 7 மில்லிநொடியில் ஹான்ஃபோர்டில் பதிவானது.

அதற்கு ஐந்து ஆண்டு முன்னால், 2010 செப்டம்பரில், இதேபோல ஓர் அருமையான சமிக்ஞை வந்தது. பெருநாய் விண்மீன் குழுவின் பக்கமிருந்து வந்ததுபோலத் தெரிந்ததால் "பெரிய நாய்" என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான பேர் மாதக்கணக்கில் அலசி ஆய்வுக்கட்டுரையையும் தயார் செய்தார்கள். 2011 மார்ச்சில் எல்லோர் முன்னாலும் ஓர் உறையைப் பிரித்தார்கள். அது ஒரு சிறு குழு இரகசியமாகக் கண்ணாடிகளை ஆட்டி உள்ளே நுழைத்த போலிச் சமிக்ஞை! கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க வைத்த திடீர்த் தேர்வு. இதனால்தான் 2015-ல் உண்மையானது வந்தபோது பலர் முதலில் "யாரோ மறுபடியும் விளையாடுகிறார்கள்" என்றுதான் நினைத்தார்கள்.

இரைச்சல் வேட்டையில் இன்னொன்றும் உண்டு. ஹான்ஃபோர்டில் ஒரு விசித்திரமான சத்தம் பதிவாகிக்கொண்டே இருந்தது. தேடிப் போனால், குளிர்விக்கும் குழாயில் படிந்த பனிக்கட்டியை அண்டங்காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. அண்டத்திலிருந்து வரும் சேதியை அண்டங்காக்கை கெடுத்தது என்று சொன்னால் வகுப்பு மறக்காது.

பிள்ளைகளையும் இதில் இறக்கலாம். கிராவிட்டி ஸ்பை என்ற திட்டத்தில், லைகோவில் விழுகிற இரைச்சல்களின் படங்களைப் பொதுமக்களே பார்த்து வகை பிரிக்கிறார்கள். பிளிப், விசில், கோய் மீன் என்று வடிவத்துக்கு ஏற்ற பெயர்கள். கணினியும் வேண்டாம், கணிதமும் வேண்டாம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், கணினி வேண்டும்.

ஜன்னலோரம்:

திங்கட்கிழமை முடிந்தது. "போன வாரம் நான் சொன்னது தப்பு" என்று தொடங்கினேன், வகுப்பு அதையே வேடிக்கையாகப் பார்த்தது. எறும்பு உவமையைச் சொன்னேன், சால்சன் கட்டுரையைப் பற்றியும் சொன்னேன். அவள் சிரித்தாள், ஆனால் உட்காரவில்லை. அவளையே இங்கே எழுதச் சொல்லிவிட்டேன்.

கடைசி_வரிசை:

எல்லோருக்கும் வணக்கம், அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். எறும்பு கிடைக்கவில்லை, அதனால் ஒரு ரப்பர் பட்டையில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு "நொடி"க்கும் புள்ளிகளை ஒரு கட்டம் நகர்த்தி நோட்டில் வரைந்து பார்த்தேன். நடுவில் பட்டையை இழுத்ததும் அடுத்து வந்த புள்ளிகள் பிந்தத் தொடங்கின. எல்லாமே ஒரே அளவு பிந்தவில்லை. இழுத்தபோது திரும்பி வர ஒரு கட்டம்தான் பாக்கி என்று இருந்த புள்ளி கொஞ்சம்தான் பிந்தியது, இழுத்த பிறகு கிளம்பியவை முழு அளவு பிந்தின. பூனை அண்ணா சொன்ன பழைய ஒளி, புது ஒளிக் கலப்பு இதுதானே?

இன்னொரு சந்தேகம். அலை முழுக்கக் கடந்து போன பிறகு, கண்ணாடிகள் ரெண்டும் சரியாகப் பழைய தூரத்துக்கே திரும்பி வந்துவிடுமா? சார் "வந்துவிடும்" என்றார், ஆனால் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

லேசர்ப்பூனை:

முதல் கேள்விக்கு: ஆமாம், அதேதான். அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடு.

இரண்டாவதுக்கு: ஜன்னலோரம் சார், மன்னிக்கவும், மறுபடியும் மாட்டிக்கொண்டீர்கள். முழுக்கத் திரும்பாது. மிகச் சிறிய ஒரு நிரந்தர இடப்பெயர்ச்சி மிஞ்ச வேண்டும் என்று 1974-ல் செல்டோவிச்சும் போல்னரேவும் எழுதினார்கள், அதற்கு "நினைவு விளைவு" என்று பெயர். தொங்கும் கண்ணாடியை ஊசல் பழைய இடத்துக்கு இழுத்துவிடும் என்பதால் லைகோ மாதிரிக் கருவியில் அதைப் பார்ப்பது பெரும்பாடு. இதற்குத் தனி விவாத இழை தொடங்குங்கள், ராத்திரி வந்து எழுதுகிறேன்.